தில்லை விறகு

உக்காரும்மா. அந்த பெஞ்சு ஆடும், இந்தப் பக்கம் வந்து உக்காரு. பஸ் ஸ்டாண்டுல போர்டு பாத்துட்டுத்தானே வந்த? "சமையலுக்குப் பெண் ஆள் தேவை"ன்னு நான்தான் எழுதி ஒட்டினேன். எழுத்து கோணல்மாணலா இருந்தாலும் நீ கண்டுபிடிச்சு வந்துட்டல்ல, கெட்டிக்காரிதான். பேரு என்ன சொன்ன? கொளஞ்சியா. நல்ல பேரு. வீட்டுக்காரரு கேரளாவுல கட்டட வேலையா? பேசுறாரா போன்ல? சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத, நான் அதெல்லாம் கேக்கல. ரெண்டு புள்ளைங்க இருக்குன்னு சொன்ன பாரு, எனக்கு அது போதும். புள்ளைங்க இருக்கறவதான் நின்னு வேலை பாப்பா.

வேலைன்னா மலையைப் புரட்டுற வேலை இல்ல. மத்தியானச் சாப்பாடு மட்டும்தான். பாலத்தாண்ட நிக்கற லாரிக்காரங்க, மீன் வண்டிக்காரங்க, கண்டக்டரு டிரைவரு, எல்லாம் சேத்து ஒரு எழுபது இலை விழும். பத்து மணிக்கு அடுப்பு பத்த வச்சா பன்னெண்டரைக்குச் சோறு இறங்கிடணும். இப்ப மணி ஒம்பதரை. நீ சரின்னு சொல்லு, இன்னைக்கே அடுப்படியில உக்கார வச்சுடறேன். என் சம்சாரத்தை இன்னையோட எழுப்பி விட்டுடலாம். அதுக்குத்தான் இந்த அவசரம்.

என்னன்னு சொல்லிடறேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்ல. அவளுக்கு வலது கண்ணு போயிருச்சு. இடது கண்ணு இருக்கு, அதுவும் அரைகுறைதான். அந்த இடது கண்ணு நிக்கணும்னா இனி புகையில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சொல்லிப் பன்னெண்டு நாள் ஆச்சு. இன்னும் அவதான் உக்காந்திருக்கா. ஆளு கிடைச்சாத்தானே! மூணு பேரு வந்தாளுங்க. ஒருத்தி ரெண்டு நாள் இருந்தா. ஒருத்தி அரை நாள். மூணாவது ஒருத்தி கொல்லைப் பக்கம் போயி விறகைப் பாத்தா, முந்தானைய எடுத்து மூக்குல வச்சா, செருப்பை மாட்டிக்கிட்டு நடந்தவதான், திரும்பிப் பாக்கல. இந்த உப்பங்கழியோரத்து ஆளுங்களே அப்படித்தான். நீ விருத்தாசலம் பக்கம்னு சொன்னதும் எனக்கு உயிர் வந்துச்சு. மேட்டாங்காட்டுக்காரிக்கு இந்தக் கிறுக்குத்தனமெல்லாம் இருக்காது.

விறகடுப்புன்னதும் உன் முகம் ஏன் சுருங்குது? அட, விறகைப் பத்தி என்னை விடத் தெரிஞ்சவன் இந்த ஜில்லாவுல எவனாவது இருந்தா கூட்டிட்டு வா, இந்தக் கடையையே எழுதிக் கொடுத்துடறேன். எங்க ஊரு துறையூர்ப் பக்கம். துரைக்கண்ணு விறகுக் கடைன்னா சின்னக் கொழந்தை கூட வழி சொல்லும். இருவது வருஷம். புளி, வேம்பு, உசிலை, கருவேல், எதைக் கொண்டாந்து போட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாத்தே பேரைச் சொல்லுவேன். அப்புறம் வீட்டுக்கு வீடு சிலிண்டர் வந்துச்சு, என் பொழப்பு படுத்துருச்சு. எங்களுக்குப் புள்ளை குட்டி கிடையாது. எனக்கு அவ, அவளுக்கு நான். இங்க ஒரு ஓட்டல் கைமாறுதுன்னு சொன்னாங்க, மூட்டையைக் கட்டிட்டு வந்துட்டோம்.

கேட்டுக்கோ, உனக்கும் பிரயோஜனப்படும். விறகை எடைக்கு வாங்கவே கூடாது. பச்சை விறகுல பாதிக்குப் பாதி தண்ணி. கடைக்காரன் மொத நாளே பைப்பைப் புடிச்சுத் தண்ணி அடிச்சு வச்சிருப்பான். நானே அடிச்சிருக்கேம்மா, உங்கிட்ட என்ன! வாங்கினா லோடு கணக்குல வாங்கணும், அதுவும் பங்குனிக்குள்ள வாங்கணும். வெட்டுவாயைப் பாரு, நடுவுல இருந்து கோடு கோடா வெடிச்சிருக்கணும். ரெண்டு கட்டைய எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாரு. டங்குன்னு கேட்டா காய்ஞ்சது. தொப்புன்னு கேட்டா ஈரம், அதை எரிச்சா சோறு வேகாது, நீதான் வேகுவ.

இங்க வந்தா விறகுக்கே பஞ்சம். சவுக்கு இருக்கு, இல்லேங்கல. கண்ணுக்கு எட்டுற தூரம் சவுக்குத் தோப்புதான். ஆனா பேப்பர் ஆலை லாரி வந்து அடியோட அள்ளிக்கிட்டுப் போயிடுது, நாம கேட்டா யானை விலை சொல்றான். கருவேல் கிடைக்கும், அதுக்கும் அலையணும். மூணு வருஷம் அலைஞ்சேன். இந்த மாசி மாசம் ஒரு நாள், கழியோரமா இறால் குட்டை வச்சிருக்கறவரு இங்க சாப்பிட வந்தாரு. கரைய அகலப்படுத்த மெஷினை விட்டு மரத்தையெல்லாம் சாச்சுப் போட்டிருக்கேன், அள்ளிட்டுப் போறவன் இல்ல, நீ வேணா எடுத்துக்கோன்னாரு. காசு? காசே வேணாங்கிறாரு! இடம் காலியானாப் போதுமாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஓடிப் போயிப் பாக்குறேன், வெள்ளை வெளேர்னு மரம், கையில தூக்கினா லேசு, முடிச்சு கிடையாது, கோடாலிய வச்சாப் பொளக்கும். ஏழு டிராக்டர். ஏழு! ஆறு மாசத்துக்குக் கவலையே இல்லைன்னு நெனச்சேன்.

பொளக்கறதுக்கு மாயவன்னு ஒருத்தன். இந்த ஊரு விறகுவெட்டி, நல்ல வேலைக்காரன். கோடாலியோட வந்தான். குவியலைப் பாத்தான். கோடாலியக் கீழ வச்சுட்டான்.

"அண்ணே, இது தில்லைண்ணே."

"இருக்கட்டும்டா."

"இதை நாங்க தொடமாட்டோம்ண்ணே. சிதம்பரம் கோயிலு மரம். சாமி மரம்."

"அந்தச் சாமி இதுக்காக இங்க வரைக்கும் நடந்து வராது. நீ வெட்டு."

"அதுமட்டும் இல்லண்ணே. இதோட பாலு ஆவாது. கண்ணுல பட்டா கண்ணு போயிடும். புகையும் ஆவாது."

நான் கேட்டேன், ஏண்டா, இது சாமி மரமா, விஷ மரமா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுன்னேன். ரெண்டும்தாண்ணேங்கிறான்! எனக்குச் சிரிப்பு அடங்கல. ஒரு காரணம் சொன்னாலாவது யோசிக்கலாம். ரெண்டு சொன்னா அவனுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கலைன்னு அர்த்தம். எனக்கு இந்தச் சாமி பூதமெல்லாம் ஒத்து வராதும்மா. புளியமரத்துல பேய் இருக்குன்னு சொல்லுவாங்க, நான் ஆயிரம் புளியமரம் அறுத்தவன், ஒரு பேயும் என்கிட்ட வந்து நியாயம் கேட்டதில்ல. பால் கண்ணுல பட்டாக் கெடுதியாம். எந்த மரத்துப் பால் கண்ணுக்கு நல்லது? எருக்கம்பால் பட்டா மட்டும் குளுகுளுன்னு இருக்குமா? காய வச்சா பால் வத்திப் போகுது. காயப் போடத்தானே நான் இருக்கேன்!

அவன் போனா என்ன, நானும் செங்கமலமும் பொளந்தோம். செங்கமலம்னா என் சம்சாரம். நான் கோடாலி போடுவேன், அவ கட்டைய ரெண்டு கையாலயும் அணைச்சுப் புடிச்சுக்கணும், பொளந்ததை எடுத்து அடுக்கணும். பால் தெறிக்கும். அவ கை ரெண்டும் முழங்கை வரைக்கும் கொப்புளம் போட்டுச்சு. சூட்டுக் கொப்புளம்னு நெனச்சேன், மாசி வெயிலு, எனக்கும் புரியல. தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். நான்தான் தடவினேன், என் கையால. ஒரு தடவை கண்ணுல பட்டுருச்சுன்னு உக்காந்துட்டா, தண்ணி ஊத்திக் கழுவிட்டு மறுபடியும் வந்து புடிச்சா. எனக்கு ஒண்ணும் ஆகலையே! அதே மரம், அதே பால். நான் முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் போட்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவ உடம்புவாகு அப்படி, கத்திரிக்காய் தின்னாலே அவளுக்கு அரிக்கும்.

அடுக்கினேன் பாரு, அது அடுக்கு! அடியில ரெண்டு வரிசை செங்கல், மண்ணு ஈரம் ஏறக் கூடாது. அதுமேல குறுக்கும் நெடுக்குமா, பட்டை மேல் பக்கம் பாக்க, எலி ஓடுற அளவுக்குச் சந்து விட்டு. மேல தகரம். பக்கவாட்டுல மறைக்கக் கூடாது, காத்து ஊடுருவணும். மறுநாளுக்கு வேணுங்கிறதை மட்டும் சமையக்கட்டு ஜன்னலை ஒட்டி உள்ளுக்குள்ளயே அடுக்கி வச்சேன். அடுப்புச் சூட்டுல மிச்சம் மீதி ஈரமும் போயிடும். ஜன்னல் மறைஞ்சு போச்சுதான். ஜன்னலு வழியா அவ யாரைப் பாக்கப் போறா?

சித்திரையில எடுத்துத் தட்டிப் பாத்தேன். டங்! கோயில் மணி தோத்துது. பத்த வச்சோம். குபுகுபுன்னு புடிச்சுது, சோறு அரை மணி முன்னாடியே இறங்கிடுச்சு. நான் இங்க கல்லாவுல உக்காந்துக்கிட்டு, எவன்டா சாமி மரம்னு சொன்னதுன்னு மீசையை முறுக்கிக்கிட்டிருந்தேன். நாலாம் நாளு அவளுக்குக் கண்ணு சிவந்துச்சு. ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ. அதுதான்னு நானே கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். நல்லாத்தான் இருந்தா அதைப் போட்டுக்கிட்டு. நடிகை கணக்கா இருக்கடின்னு கிண்டல் பண்ணேன், சிரிச்சா. கண்ணுல தண்ணி மட்டும் நிக்கவே இல்ல. காலையில இமை ஒட்டிக்கும், வெந்நீர் வச்சுப் பிரிச்சு விடணும்.

அவ சொன்னா. சொல்லலைன்னு சொல்ல மாட்டேன். "என்னங்க, இந்தப் புகை வேற மாதிரி இருக்கு. மொளகா வத்தலை நெருப்புல போட்ட மாதிரி குத்துது"ன்னா. புகையுதுன்னா ஈரம் இருக்குன்னு அர்த்தம். எந்த விறகுக்காரனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். தப்பு என் பேர்லதான், அவசரப்பட்டுட்டேன்னு ஒத்துக்கிட்டேன். இன்னும் ஒரு மாசம் காயட்டும்னு விட்டுட்டு, வைகாசி பூராக் கருவேல் வாங்கி எரிச்சேன். அவளுக்கும் கண்ணு தெளிஞ்சிருச்சு. மெட்ராஸ் ஐ ஒரு மாசம்தானே இருக்கும், வந்த வழியே போயிருச்சு.

ஆனியில மறுபடியும் தில்லைய எடுத்தேன். ரெண்டாம் நாளே ஆரம்பிச்சுருச்சு! எனக்கு வந்துச்சே கோவம். அவ மேல இல்லம்மா, மழை மேல. நடுவுல ஒரு நாள் திடீர்னு கொட்டித் தீத்துச்சு, சாரல் பட்டிருக்கும். ஓரத்துல இருந்ததையெல்லாம் பிரிச்சு மறுபடி அடுக்கினேன். ஒத்தை ஆளா, இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஈரத்துணியைக் கண்ணைச் சுத்திக் கட்டிக்கோன்னு அவகிட்ட சொன்னேன். கட்டிக்கிட்டுத் தடவித் தடவி சமைச்சா. பழக்கப்பட்ட கை, உப்பு புளியெல்லாம் அளவு மாறல.

அந்த மாயவன் ஒரு நாள் சாப்பிட வந்தான். இலை போட்டாச்சு. அவ கண்ணுல துணியோட சோத்தைக் கொண்டாந்தா. பாத்தான். எழுந்தான், இலையை மடிக்கக் கூட இல்ல, போயிட்டான். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே தலை காட்டல. திமிரைப் பாத்தியா?

ஆடி பொறந்துச்சு. ஒரு நாள் மத்தியானம், வெயிலு சுட்டெரிக்குது, கடையில கூட்டம். அவ சாம்பார் ஊத்த வந்தா. இலையில ஊத்தல, மேஜையில ஊத்துறா. ஊத்திக்கிட்டே போறா. கண்டக்டரு மடியிலயும் ஊத்திட்டா. அவரு துள்ளி எழுந்து, "அண்ணே, அக்காவுக்குக் கண்ணு தெரியல போலருக்கே!"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. உன் வேலையப் பாருய்யான்னு கத்திட்டேன். அப்புறம் அவ முகத்துக்கு நேரா ரெண்டு விரலை நீட்டி, இது எத்தனைன்னு கேட்டேன். "விளையாடாதீங்க, வெளக்கைப் போடுங்க மொதல்ல"ன்னா. வெளிய பட்டப்பகலு.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. டாக்டரு சின்ன வயசுக்காரரு, வெளக்கடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. கருவிழி வெந்து போயி வெள்ளை படிஞ்சிருச்சாம். வலது கண்ணு அவ்வளவுதானாம். இடதுல இப்பத்தான் ஆரம்பிக்குது, கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாம்னாரு. என்ன எரிக்கிறீங்கன்னு கேட்டாரு. விறகுங்க, அஞ்சு மாசம் காய வச்ச நயம் விறகுன்னேன். எந்த மரம்னு அவரு கேக்கல. நானும் சொல்லல. டாக்டருக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியப் போகுது?

பயமாத்தாம்மா இருக்கு. உங்கிட்ட சொல்றதுக்கென்ன. அவ தூங்கும்போது நான் என் வலது கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாக்குறேன், இப்படித்தானே அவளுக்கு இருக்கும்னு. அப்புறம் ரெண்டையும் பொத்திப் பாக்குறேன். ரெண்டு நிமிஷம் இருக்க முடியல, கையை எடுத்துடறேன். முப்பது வருஷமா என் கூட இருக்கறவ. எனக்கு ஒண்ணுன்னா அவதான் பாத்துக்கணும். அவளை நான் பாத்துக்கற மாதிரி ஆகிட்டா இந்தக் கடைய யாரு பாக்குறது?

என்ன கேட்ட? வேற விறகு வாங்கினா என்னன்னா? அது சரி! பாதிக்குப் பாதி இன்னும் அப்படியே இருக்கேம்மா. வா, எட்டிப் பாரு, இப்படிக் கதவாண்ட நின்னே பாக்கலாம். மூணரை லோடு! ஆறு மாசம் காய்ஞ்சிருக்கு. இப்பத்தான் முழுப் பக்குவத்துக்கு வந்திருக்கு. அவளை எரிக்கச் சொன்னதெல்லாம் அரைகுறையாக் காய்ஞ்சது, அதான் குத்துச்சு. உனக்குக் கிடைக்கப் போறதுதான் நல்ல சரக்கு. புகையே வராது. கொடுத்து வச்சவ நீ. கொஞ்சம் கண்ணு கரிக்கும், மொத நாலஞ்சு நாளு, அப்புறம் பழகிடும்.

ஏய் செங்கமலம்! இங்க வா, ஆளு வந்திருக்கு. கொளஞ்சியாம், விருத்தாசலம் பக்கம். பாத்து வா, படி இருக்கு. செவுத்தைப் புடிச்சுக்கிட்டே வா. பாத்தியாம்மா, எப்படி டக்குடக்குன்னு வர்றா, கண்ணு இல்லைன்னு யாராவது சொல்லுவாங்களா? உன் கையைத்தான் தேடுறா, கொடு. ரெண்டு புள்ளைங்களாம் செங்கமலம். சின்னதுக்கு என்ன வயசுன்னு கேக்கறா, சொல்லும்மா. நாலு வயசா.

என்னடி காதுல குசுகுசுன்னு? எனக்கும் கேக்கட்டும், சத்தமாப் பேசு.

என்ன சொன்ன? போயிடச் சொல்றியா?

"போயிடு தாயி, இந்த அடுப்பு உனக்கு வேணாம்"னு சொல்றா! நீயே கேட்டல்ல? பன்னெண்டு நாளா நாயா அலைஞ்சு ஒரு ஆளைப் புடிச்சுக்கிட்டு வந்து உக்கார வச்சா, வாசல்லயே விரட்டி விடறா. முப்பது வருஷமா அடுப்பை ஆண்டுட்டா, இன்னொருத்தி கையில கொடுக்க மனசு வரல. பொம்பளை புத்தி! கண்ணு போனாலும் அடுப்பை விட மாட்டாளாம். உனக்காகத்தானேடி இவ்வளவு பாடும் படறேன்!

இரும்மா, அவ பேச்சைக் கேட்டுக்கிட்டு எழுந்திரிக்காத. சம்பளம் வேணா கூடக் கொஞ்சம் போட்டுக்கலாம். ராத்திரிக்குப் புள்ளைங்களுக்குச் சோறு கட்டிக்கிட்டுப் போ, நான் கேக்க மாட்டேன். ஏன் அழுவுற? அவ கையை எதுக்கு இப்படி இழுக்கற? அவளையும் கூட்டிட்டுப் போறேங்கிறியா? எங்கம்மா கூட்டிட்டுப் போவ? உனக்கே ஒண்ட இடமில்லாமத்தான வேலை தேடி வந்திருக்க. விடு கையை. விடுன்னு சொல்றேன்ல.

போ, போ. நல்லதுக்குக் காலமில்ல. அஞ்சாவதா ஒருத்தி வராமலா போயிடுவா?

மணி பத்தாகப் போகுது செங்கமலம். வா, உள்ள வா. எழுபது இலை காத்துக்கிட்டிருக்கு. ஜன்னலாண்ட இருக்கறதை எடு, அது நல்லா காய்ஞ்சது. நாலு கட்டை போதும். தீப்பெட்டிய ஏன் கீழ தேடுற? இரு, குச்சிய நானே கிழிச்சு வைக்கிறேன். புடிச்சுக்கிச்சு பாரு. ஊதாங்குழல் கைக்கு அகப்படலியா? சரி விடு, நேரமாச்சு. நல்லா கிட்டக்கப் போயி, குனிஞ்சு ஊது.